ஐந்தாவது அட்டை

எனக்கு ஓட்டு இல்லை.
நான் ஸ்கோர் எழுதுகிறவள்.
மேசைக்கு இந்தப்பக்கம் ஒரு மடக்கு நாற்காலி,
இரண்டு நிறத்தில் பேனா,
தாள் பறக்காமலிருக்க ஒரு கல்.

இந்த வருசத்துக் கல்லூரிக் கூடைப்பந்தில்
சிறந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க
ஐந்து பயிற்சியாளர்கள் நாகர்கோவிலில் கூடினார்கள்.
பழம்பொரி ஆறியது. சாயா ஆறியது.
அவர்கள் ஆறவில்லை.

நான்கு பெயர் சீக்கிரம் வந்துவிட்டது.

குளச்சல் பெர்க்மான்ஸ்.
வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்து எங்கே விழுமென்று
பந்துக்குத் தெரியுமுன் அவனுக்குத் தெரியும்.

திருவிதாங்கோடு மாகீன்.
இடப்பக்கம் பார்ப்பான், வலப்பக்கம் கொடுப்பான்.
நடுவரே ஒருமுறை இடப்பக்கம் ஓடிப்போனார்.

சுசீந்திரம் தாணுமாலயன்
ஆரல்வாய்மொழியில், ஆடிக் காற்றில்
ஃப்ரீ த்ரோ போட்டவன்.
வெளியூர்ப் பையன்கள் வளையத்தைப் பார்த்து எறிந்தார்கள்.
பந்து காற்றாலைப் பக்கம் போயிற்று.
இவன் வளையத்துக்கு ஒரு முழம் மேற்கே
ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து எறிந்தான்.
பன்னிரண்டுக்குப் பதினொன்று.
அந்த ஒன்று
காற்று திடீரென்று நின்றதால் தவறியது.

கருங்கல் ஷெர்ஜினைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
தூரத்திலிருந்து எறிவான்.
மீதியை வலை சொல்லும்.

ஐந்தாவது இடத்துக்குத்தான் அடிதடி.
"இருநூறு பாயிண்ட் எடுத்தவன் இருக்கான்."
"தோத்த டீமுக்கு எடுத்தான், சாரே."
"பின்ன ஜெயிச்ச டீமுல எவன் உண்டு?"

நான் தாள்களை மேசையில் தள்ளினேன்.

பேச்சிப்பாறை விஜின்தாஸ்.
புள்ளி, சீசன் முழுதும், முப்பத்தொன்று.
பவுல், நான்கு ஆட்டத்தில் ஐந்தைந்து.
ஐந்து என்று போட்ட அட்டையை
இந்தக் கையால் நான்கு தடவை தூக்கிக் காட்டி
வெளியே அனுப்பியிருக்கிறேன் அவனை.
அதற்குள் எதிரணியின் ஆறரை அடிக்காரன்
முட்டி தளர்ந்து, மூச்சு வாங்கி,
பந்து கைக்கு வந்தாலே
பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்கிறவனாகியிருப்பான்.
பிறகு மற்றவர்கள் ஆடி ஜெயித்தார்கள்.
இதை எழுத என் தாளில் கட்டம் கிடையாது.

வெளியே வந்தால் என் மேசைக்கருகே தரையில் உட்கார்வான்.
ரப்பர் பால் வாடை அடிக்கும்.
விடியுமுன்னே முந்நூறு மரம் வெட்டிவிட்டு வந்த உடம்பு.
"எத்தனை நிமிசம் கெடக்கு, அக்கா?"
வேறெதுவும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஒருவர் பழம்பொரி எடுத்தார்.
முடிந்தது என்று புரிந்தது எனக்கு.

விழாவன்று ஐப்பசி மழை.
சிறப்பு விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதம்.
தோவாளையிலிருந்து வந்த பிச்சி மாலை
சாதாரண ஆட்களுக்குக் கட்டியது.
பெர்க்மான்ஸ் முட்டி போட்டும்
காதில் மாட்டிக்கொண்டு நின்றது.
மைக் இரண்டு முறை செத்துப் பிழைத்தது.

ஐந்தாவது பெயருக்கு யாரும் மேடையேறவில்லை.
மறுபடி வாசித்தார்கள்.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"கடைசி பஸ்சுக்குப் போயிட்டான், சார்.
காலத்த மழை விட்டா வெட்டு உண்டு."

கைதட்டினார்கள்.
ஆளில்லாத படிக்கட்டுக்கு.
தாணு எறிவதுபோல,
ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து.

மறுநாள் கோப்பையைப்
பழைய ஸ்கோர் ஷீட்டில் பொதிந்து
பேச்சிப்பாறை பஸ்சில் ஏற்றினேன்.
டிரைவர் பக்கத்தில், எஞ்சின் மூடிமேல் வைத்தார்கள்.
"லக்கேஜா?" என்றார் கண்டக்டர்.
"ஆளு," என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தார்.
முழு டிக்கெட் கிழித்து
கோப்பையின் காதில் செருகினார்.

பஸ் திரும்புகிறவரை
ஐந்து விரலையும் விரித்துக்
கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றேன்.